நிறம் பழக ஒரு வளவு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், சங்கத்தின் முன்பள்ளி ஆசிரியைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எமக்கு முன் பேசியவர்கள் கல்லூரியின் நூறு வருட வரலாற்றையும் பெண்கல்வியின் எதிர்காலத்தையும் பேசினார்கள். எமக்குத் தரப்பட்ட தலைப்போ மிகச் சின்னது. ஒன்றரை வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் நிறங்களை எப்படிப் பழகுகிறார்கள், அதற்கு வீட்டுக்கு வெளியே நாம் என்ன செய்யலாம் என்பதே அது. சின்னத் தலைப்பு என்றாலும் அதற்குள் ஒரு வழக்கு இருக்கிறது. முன்பள்ளியின் பின்வளவுக்குச் சீமெந்து போட்டு, அதன்மேல் செயற்கைப் புல் விரித்து, பிளாஸ்ரிக் சறுக்கியும் வீடும் வைப்பதற்கு நூற்றாண்டு நிதியில் ஒரு தொகை ஒதுக்கும் யோசனை சங்கக் குழுவின் முன் இருக்கிறது. தருபவர்களின் மனம் பெரியது. அதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த வளவில் சனிக்கிழமை தோறும் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று வேண்டிக்கொள்ளத்தான் நாங்கள் நால்வரும் சேர்ந்திருந்து இந்த உரையை எழுதினோம்.

சனிக்கிழமைக் காலைகளில் எங்களிடம் வருபவர்கள் முன்பள்ளிக்கும் முந்திய பிள்ளைகள். தாயோடு, அல்லது அம்மம்மாவோடு வருவார்கள். தாய்மாரில் அநேகர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான். “ரீச்சர், பிள்ளைக்கு இரண்டரை வயதாகுது, இன்னும் ஒரு நிறமும் சரியாச் சொல்லுதில்லை. ஏதும் குறைபாடோ?” சென்ற வருடம் ஒரு தாய் அழுதுகொண்டே வந்தார். பாலர் பாடசாலை ஒன்றில் அனுமதிக்கு நேர்முகம் வைத்து, மூன்று வயதும் நிரம்பாத பிள்ளையின் முன்னால் நான்கு நிற அட்டைகளை நீட்டியிருக்கிறார்கள். பிள்ளை நான்குக்கும் “மஞ்சள்” என்று சொல்லியிருக்கிறது. இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையிடம் நாங்கள் பழுத்து விழுந்த ஒரு பூவரசிலையைக் கொடுத்து, “இதைப்போல இன்னொண்டு கொண்டு வாங்கோ” என்றோம். மரத்தின் கீழே பச்சை இலைகளும் சருகுகளும் எவ்வளவோ கிடந்தன. ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தது இன்னொரு பழுத்த இலையைத்தான். கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறது, மனதுக்கும் தெரிகிறது. பெயர்தான் இன்னும் வந்து ஒட்டவில்லை. அட்டையை நீட்டிப் பெயர் கேட்பவர்களுக்கு இது தெரிய வராது.

குழந்தை பிறந்து நான்கைந்து மாதத்திலேயே நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே நிறத்தைச் சோடி சேர்ப்பது இரண்டு வயதை ஒட்டி வரும். சொன்ன நிறத்தை எடுத்துத் தருவது அதற்குப் பிறகு. பெயரைத் தானாகச் சொல்வது கடைசியில், பெரும்பாலும் மூன்று வயதை அண்டித்தான். சில பிள்ளைகளுக்கு நான்கும் ஆகும். இதையிட்டுக் கலங்கியவர்களில் பெரிய அறிஞர் ஒருவரும் உண்டு. சாள்ஸ் டார்வின் தமது பிள்ளைகள் மற்றெல்லாப் பொருட்களின் பெயர்களையும் சொல்லப் பழகிய பின்னும் நிறங்களை மாறி மாறிச் சொல்வதைக் கண்டு, இவர்களுக்கு நிறக்குருடு என்றே எண்ணினாராம். அது வீண் பயம் என்று பின்னர் தெரிந்ததை அவரே 1877 இல் எழுதியிருக்கிறார். கூர்ப்பை விளக்கியவரே பயந்த இடத்தில் எங்கள் தாய்மார் பயப்படுவதில் புதினமில்லை.

நிறப்பெயர் ஏன் பிந்துகிறது? பந்தைக் கையில் பிடிக்கலாம், பூனையைத் துரத்தலாம். சிவப்பைத் தனியாக எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. அது எப்போதும் ஏதாவது ஒன்றின் மேலேயே இருக்கும். 2010 இல் மைக்கேல் ராம்ஸ்கார் என்னும் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்களுக்கு மிகவும் உதவியது. ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நிறத்தை முன்னுக்கு வைத்துச் சொல்வதிலும் பார்க்க, பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னுக்குச் சொன்னபோது பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது அதன் சாரம். பொருளைப் பிள்ளை முதலில் கண்டுகொள்ள வேண்டும்; பிறகு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஆய்வு ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் இந்த ஒழுங்கு எங்கள் வாயில் இயல்பாகவே வரும். “பூ சிவப்பு.” “இலை பச்சை.” இரண்டே சொல்லில் வசனம் முடிந்துவிடும், இடையில் ஒன்றும் தேவையில்லை. ஆகவே வளவில் நடக்கும்போது “அங்க பாருங்கோ, செவ்வரத்தை. செவ்வரத்தை சிவப்பு” என்று சொல்லும்படி தாய்மாரைப் பழக்குகிறோம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், செவ்வரத்தை என்ற பெயருக்குள்ளேயே செம்மை இருக்கிறது. அப்படியிருந்தும் வெள்ளைச் செவ்வரத்தை, மஞ்சள் செவ்வரத்தை என்று கூசாமல் சொல்லி வருகிறோம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பச்சைத் தண்ணி பச்சையா? பச்சை அரிசி வெள்ளையாகத்தானே இருக்கிறது? மரத்தில் நிற்கும் பச்சை மிளகாய் பழுத்துச் சிவந்த பின் அதற்குப் பெயர் என்ன? சமைக்காததும் புதியதும் இளையதும் எல்லாம் எங்களுக்குப் பச்சைதான். பிள்ளையையே பச்சைப்பிள்ளை என்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளை தண்ணீரைக் காட்டிப் “பச்சை” என்றால், அது வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறது. சிரித்துவிட்டு இலையைக் காட்டினால் போதும்.

நிறத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்களைக் கவனியுங்கள். மண்ணிறம், சாம்பல் நிறம், செம்மஞ்சள், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், மாதுளம்பழ நிறம், மயிற்கழுத்து. சேலைக் கடையில் அம்மாமார் நின்று “மயிற்கழுத்தில ஒண்டு எடுத்துப் போடுங்கோ தம்பி” என்று கேட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். அவர்கள் நிறத்தைப் படித்த இடம் வளவும் வயலும் குசினியும்தான்.

பாலர் கல்வியின் முன்னோடிகளும் இந்த வழியையே சுற்றி வந்திருக்கிறார்கள். 1837 இல் ஜேர்மனியில் பாலர் கல்விக்கு அடியிட்ட ஃபுரோபல், தமது நிலையத்துக்குப் பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள்படும் பெயரை வைத்தார். பிள்ளைக்கு முதலில் கொடுத்தது கம்பளி நூலால் செய்த ஆறு நிறப் பந்துகள். மொன்ரிசோரி அம்மையாரின் முதல் நிறப் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்றே சோடிகள்தான். “இது சிவப்பு” என்று சொல்லி, பிறகு “சிவப்பைக் காட்டு” என்று கேட்டு, அதற்கும் பிறகே “இது என்ன?” என்று கேட்கும் மூன்று படிகளை அவர் கைக்கொண்டார். மூன்றாம் படியில் நேரே போய் நிற்பதுதான் அந்த நேர்முகக்காரர் செய்த வேலை. லண்டனில் இருக்கும் சகோதரிகள் டெப்ற்பேட் பக்கம் போனால், மக்மில்லன் சகோதரிகள் 1914 இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திறந்தவெளிப் பாலர் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் மலிந்த ஒடுக்கமான தெருக்களுக்கு நடுவில் அவர்கள் முதலில் உண்டாக்கியது தோட்டத்தை.

இனி எங்கள் வளவுக்கு வருவோம். பழைய விடுதிக்குப் பின்னால் மூன்று பரப்புக்கும் குறைவான நிலம். இரண்டு பூவரசு, ஒரு வேம்பு, ஒரு மா, வேலியோரம் கிளுவையும் செவ்வரத்தையும், மூலையில் ஒரு இளம் பனை, நடுவில் நல்ல செம்மண். நாங்கள் வாங்கி வைத்த பொருளென்று ஒன்றுமில்லை. ஆறு சுளகு, பத்துச் சின்ன ஓலைப்பெட்டி, தையற்கடையில் கேட்டு வாங்கிய துணித்துண்டுகள், இரண்டு வாளி. அவ்வளவும்தான்.

ஒரு கிழமைக்கு ஒரே நிறம். இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். ஓலைப்பெட்டியின் அடியில் மஞ்சள் துணியை விரித்துக் கொடுத்தால், பிள்ளை அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கும். பழுத்த பலாவிலை, வேப்பம்பழம், உதிர்ந்த கொன்றைப்பூ எல்லாம் பெட்டிக்குள் வந்து சேரும். மரத்திலிருந்து பிடுங்குவதில்லை, விழுந்ததை மட்டும் எடுக்கலாம் என்பது ஒரே சட்டம். பிறகு எல்லாவற்றையும் சுளகில் கொட்டி ஒன்றாகப் பார்ப்போம். அப்போதுதான் மஞ்சளுக்குள் எத்தனை மஞ்சள் என்பது எங்களுக்கே தெரிய வரும். நடக்கப் பழகும் சின்னக் குஞ்சுகளுக்குப் பெட்டி பாரம். அவர்களுக்கு மணிக்கட்டில் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி காப்புப்போலச் சுற்றிவிடுவோம். இதழ், இலைத்துண்டு, புல் என்று கண்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த கிழமை வரை கழற்ற விடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று தாய்மார் முறையிடுகிறார்கள்.

சிவப்புக் கிழமைதான் எல்லோருக்கும் விருப்பம். செவ்வரத்தை இதழை வெள்ளைத் தாளில் வைத்துக் குட்டிக் கல்லால் தேய்த்தால் வருவது சிவப்பாக இராது, ஊதாவாக இருக்கும். அதில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் பளிச்சென்று றோஸ் நிறம். வேறொரு மூலையில் கரைத்த அப்பச்சோடாவைத் தொட்டு வைத்தால் பச்சை. ஒரே பூவில் மூன்று நிறம். சங்குப்பூவும் இப்படித்தான், நீலச் சாறு புளி பட்டால் ஊதாவாகிவிடும். மஞ்சள் தூளில் அப்பச்சோடா பட்டால் செம்மை ஏறும், புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும். எங்கள் வீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலாத்தி எடுப்பதும் இதே விளையாட்டுத்தான். பிள்ளைகளின் கைக்குச் சுண்ணாம்பை ஒருநாளும் கொடுக்க வேண்டாம். பொத்துப்போகும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. மருதோன்றி இலையை அரைத்து உள்ளங்கையில் ஒரு பொட்டு வைக்கும் நாளில் பிள்ளைகளுக்கு நம்பவே முடிவதில்லை. பச்சையாக வைத்தோம், கழுவும்போது எப்படிச் செம்மஞ்சளாக வந்தது?

எங்கள் இரண்டு பூவரசு மரங்களும் செய்யும் உபகாரத்தை எந்த விளையாட்டுப் பொருளும் செய்யாது. காலையில் விரியும் பூ மஞ்சள், நடுவில் கடும் சிவப்புப் பொட்டு. பொழுது சாயச் சாய அதே பூவில் செம்மை ஏறும். வாடி விழும்போது ஊதா கலந்த சிவப்பு. காலையில் வந்த பிள்ளை புதுப்பூவையும் நேற்றைய பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒரு பிள்ளை இரண்டையும் பார்த்துவிட்டு, “இது அம்மா, இது அம்மம்மா” என்றது. நிறத்தின் பெயர் அதற்கு இன்னும் வரவில்லை. விடயம் விளங்கிவிட்டது.

பச்சைக் கிழமையில் தேட வேண்டியதே இல்லை, ஆனால் அதுதான் கடினம். வேம்பின் கொழுந்தும் மாவின் தளிரும் பச்சையாக இருப்பதில்லை; செம்பு நிறத்தில் வந்து பிறகே பச்சையாகும். பனங்குருத்து வெளிறிய மஞ்சள், விரிந்த ஓலை பச்சை, காவோலை மண்ணிறம். பனம்பழமோ வெளியே கறுப்பு, உள்ளே செம்மஞ்சள். ஒரு பனையடியில் நின்றே ஐந்து நிறம் காட்டலாம். மண்ணிறக் கிழமைக்குச் செம்மண் போதும். வலிகாமத்து மண் சிவந்திருப்பது அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டினால் என்று நாங்கள் ஓ.எல். வகுப்பில் படித்தோம், பிள்ளைகள் அதைக் குழைத்துத் தும்புத் தூரிகையால் கிணற்றடிச் சீமெந்தில் பூசிப் படிக்கிறார்கள். பக்கத்தில் கரித்தூள் ஒரு சிரட்டை, மஞ்சள் ஒரு சிரட்டை. உடுப்புத் தோய்ப்பவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

நீலக் கிழமை எங்களைச் சோதித்துவிட்டது. இயற்கையில் நீலம் அருமை. வானத்தையும் சங்குப்பூவையும் விட்டால், வேலியில் வந்திருக்கும் மீன்கொத்தி தரிசனம் தர வேண்டும். பிள்ளைகள் பெட்டி நிறையக் கொண்டுவந்தது சோடாப் போத்தல் மூடியும் சொப்பிங் பைத் துண்டுகளும். நிறம் பழக்க வெளிக்கிட்டு வளவைத் துப்புரவாக்கி முடித்தோம்.

பறவைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை எங்கள் மரங்கொத்தியைப் பார்த்து, “எங்கட ஊர்ல இது சிவப்பு” என்றது. அம்மா அதட்டினார். பிள்ளை சொன்னது சரி. யாழ்ப்பாணப் பக்கத்து மரங்கொத்தியின் முதுகு பொன்மஞ்சள், தெற்கே காணும் மரங்கொத்தியின் முதுகு கடும் சிவப்பு. நாலு வயதும் ஆகாத பிள்ளை தானாகப் பார்த்துக் கண்டுபிடித்த வேறுபாடு அது.

இப்போது கொஞ்சம் பாரமான விடயத்துக்கு வருகிறோம். எங்களில் மூவர் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது பள்ளிச் சிறுமிகள். திரும்பி வந்தபோது எங்களுக்குப் படிப்பித்த முதற் பாடம், நிலத்தில் கிடக்கும் எதையும் தொடாதே என்பது. பாடசாலைச் சுவரில் அந்தப் படங்கள்தான் ஒட்டியிருந்தன. சிவப்பு என்றால் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் நினைவு வருவது மண்டையோடு வரைந்த பலகை. அந்தப் பாடம் எங்களில் பலரது உயிரைக் காத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். வடக்கில் துப்புரவு முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் அந்தப் பாடம் இன்றைக்கும் வேண்டும். ஆனால் அன்றைய சிறுமிகள் இன்றைக்குத் தாய்மார். பிள்ளை குனிந்து எதையாவது எடுக்கப் போனால் அவர்களின் கை தானாகப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடிக்கிறது. ஏன் பிடித்தேன் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு தாய் மூன்று கிழமை வந்தும் பிள்ளையின் கையை விடவேயில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் கிழமை அந்தப் பிள்ளை ஒரு வேப்பம்பழத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தது. அவர் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கன நேரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு தானும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். இந்த வளவு யாருக்காக என்று கேட்டால், பாதிப் பங்கு அந்தத் தாய்மாருக்காக என்போம்.

ஆபத்தே இல்லையென்று நாங்கள் சொல்ல வரவில்லை. இந்த வயதில் எல்லாம் வாய்க்குள் போகும். மஞ்சள் அலரியைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் விதை உயிரைக் குடிக்கும். கார்த்திகைப்பூ எவ்வளவு அழகென்றாலும் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாகப் பிள்ளையை இழுக்கும். ஓடு உடைந்த ஒரு மணியே பிள்ளைக்கு ஆபத்து. ஆமணக்கு விதை, ஊமத்தை, எருக்கலைப் பால் இவை எதுவும் பிள்ளைகள் உலாவும் இடத்தில் இருக்கக்கூடாது. மஞ்சாடி போன்ற சின்ன விதைகள் தொண்டையிலோ மூக்கிலோ சிக்கும். வாளியில் ஒரு சாண் தண்ணீர் நின்றாலும் பிள்ளை தலைகீழாக விழுந்தால் போதும். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள், நுளம்புக்கும் அது நல்லது. பிள்ளைகள் வருமுன் ஒருவர் தடியோடு வளவு முழுவதும் நடந்து பார்ப்போம். கிணற்றுக்கு இப்போதைக்குத் தகரமும் முள்ளுக்கம்பியும் போட்டிருக்கிறோம். அது நிரந்தரத் தீர்வாகாது.

இன்னொன்று. நான்கு வயது கடந்த பின்னும் சிவப்பையும் பச்சையையும், சோடி சேர்க்கும்போதே மாற்றி மாற்றி வைக்கும் பிள்ளை இருக்கலாம். பெரும்பாலும் ஆண்பிள்ளையாக இருப்பார். தாய்வழி வரும் நிறப்பார்வைக் குறைபாடு அது. படிப்பில் கெட்டித்தனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண் வைத்தியரிடம் காட்டுங்கள். வகுப்பாசிரியருக்குச் சொல்லி வையுங்கள். சிவப்பு மையால் திருத்தியது தெரியவில்லை என்பதற்காக அடி வாங்கிய மாணவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், எங்களுக்குப் பூவரசு எங்கே என்று கேட்பீர்கள். உங்களுக்கு இருப்பது எங்களுக்கு இல்லை. ரொறன்ரோவில் ஒக்ரோபரில் பேரப்பிள்ளையோடு ஒரு மேப்பிள் மரத்தடிக்குப் போங்கள். பச்சையம் குலைந்ததும், இலைக்குள் முதலே இருந்த மஞ்சள் வெளிப்படும். சிவப்போ அந்த நாட்களில் புதிதாக உண்டாவது. பேரனுக்கு அதெல்லாம் வேண்டாம், இலை சிவப்பு என்றால் போதும். மூன்று இலையாய்க் கூடி நிற்கும் பொய்சன் ஐவியை மட்டும் தொட விடாதீர்கள். மெல்பேண்காரருக்குப் பொன்மஞ்சள் வற்றல் பூ இருக்கிறது. லண்டனில் வேலியோரப் பிளாக்பெரி பச்சையாய்க் காய்த்து, சிவந்து, கறுக்கும் வரை ஒரே செடியை மூன்று முறை போய்ப் பார்க்கலாம். ஆங்கிலத்திலேயே நாள் முழுக்கக் கதைக்கும் பிள்ளைக்கு நிறத்தைத் தமிழில் சொல்ல இதைவிட இலகுவான இடமில்லை. நடந்துகொண்டே, ஒன்றைக் காட்டி, இரண்டே சொல்லு.

நூற்றாண்டு நிதிக்கு வருவோம். செயற்கைப் புல் வேண்டாம் என்று கேட்கிறோம். எங்கள் ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு அது வெறுங்காலுக்குச் சுடும். வருடம் முழுக்க ஒரே பச்சை. அதற்கு இடம் விட இரண்டு பூவரசையும் தறிக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கிறது. ஊஞ்சலை நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. வேம்பில் கட்டலாம். அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்துக் கிணற்றுக்கு ஒழுங்கான கட்டும் இரும்பு மூடியும் போட்டுத் தாருங்கள். பிள்ளைகளின் உயரத்தில் கை கழுவ இரண்டு பைப், தாய்மார் இருக்க ஒரு கொட்டில், வடக்கு வேலியில் நடுவதற்கு மருதோன்றியும் சங்குப்பூவும். மிச்சக் காசைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். அங்கே கூரை ஒழுகுகிறது.

குழுக் கூட்டம் நாளை பின்னேரம் என்று அறிகிறோம். நாளைக் காலை எட்டரை மணிக்கு விசேடமாகப் பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறோம். பத்து மணிக்கு வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். வாக்களிக்க இருப்பவர்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும். நாளை செம்மண் பூசும் நாள். ஆகையால் தயவுசெய்து வெள்ளைச் சேலை உடுத்து வர வேண்டாம்.